ஆறு கிராம் உப்பு

எங்கள் சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துதான் உள்ளே வருவார்கள். அவள் குனியாமலே வந்தாள், அவ்வளவு குள்ளம். இடுப்பில் பெண் குழந்தை, கையில் குழந்தைகள் நல அலுவலகத்துக் கடிதம். கடிதத்தை நீட்டுவதற்கு முன்னால் குழந்தையை இரண்டு கையாலும் பிடித்து, கடையில் பூசணிக்காய் வாங்குகிறவள்போல் ஒருமுறை தூக்கி இறக்கினாள்.

“ஒன்பது கிலோ நானூறு, சிஸ்டர். சட்டையோட நானூத்தி அறுபது.”

தராசில் வைத்தேன். சட்டையோடு ஒன்பது கிலோ நானூற்று ஐம்பது.

“பத்து கிராம் தப்பு,” என்றேன்.

“உங்க மெஷினைச் சரிபாக்கச் சொல்லுங்க,” என்றாள்.

அவள் கோழி ஆலையில் வேலை செய்தாள். பெல்ட்டில் வரும் துண்டுகளில் கொழுப்பையும் தோலையும் கத்தியால் கழித்து, தட்டு ஒன்றுக்குச் சரியாக அரைக் கிலோ வரும்படி அடுக்கி அனுப்ப வேண்டும். ஒன்பது வருடமாக அதே இடம், அதே ரப்பர் பூட்ஸ். கைக்குத் தெரிந்ததை மெஷின் அப்புறம் ஒப்புக்கொள்ளும். ஆலையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை இல்லாத நாட்களில் புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டானாம். சண்டை நாட்களில் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது.

புருஷன் வேன் ஓட்டுகிறவன். எட்டு மாதத்துக்கு முன்னால், இரண்டு நாளில் வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அந்த அக்காவுக்குக் குழந்தை இல்லை. தம்பி பேரில் அவள் எழுதிக் கொடுத்த மனுதான் கடிதத்துக்குக் காரணம். குழந்தைக்குக் கறி இல்லை, மீன் இல்லை, தாய் இலைதழையைப் போட்டுப் பட்டினி போடுகிறாள், தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனு. அலுவலகம் யோசித்து ஒரு வழி சொல்லியிருந்தது. எங்கள் அட்டையில் வயதுக்கு ஏற்ற எடைக்குச் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் குழந்தை மெலிந்துவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை நான் நிறுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கோட்டுக்கு மேலே இருந்தால் குழந்தை தாயிடம். கீழே இருந்தால் தகப்பன் வீட்டுக்கு. முடிவு அவ்வளவுதான், நடுவில் வேறு எதுவும் கிடையாது.

குழந்தைக்கு இரண்டு வயது நான்கு மாதம். அன்றைக்குக் கோட்டுக்கு முந்நூறு கிராம் கீழே இருந்தது.

குழந்தையைப் பட்டாணி என்று கூப்பிட்டாள். கண் தெளிவாக இருந்தது, பேச்சு வயதுக்கு மேலேயே இருந்தது. என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்க மறுத்தது. ஆனால் கை குச்சி, வயிறு மட்டும் பானை. நோயில்லாமல் இளைத்த பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்தால் நான் தாயைத் திட்டுவதில்லை, சட்டியைத்தான் விசாரிப்பேன்.

“ஏன் கறி குடுக்கறதில்ல? பாவம்னு பாக்கறியா?”

“பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. நானே தின்னுவேன். பெல்ட்டுல என்னென்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியாது சிஸ்டர். கட்டி வந்தது வரும், சீழ் கோத்தது வரும், கால் ஒடிஞ்சு கறுத்துப்போனது வரும். அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தைத் தட்டுல வைம்பாங்க. வைப்பேன். அந்தத் தட்டு யார் வீட்டுக்குப் போகுதோ எனக்குத் தெரியாது. என் வீட்டுக்கு வராது, அவ்வளவுதான்.”

“நீ மட்டும் தின்னலாமா?”

“முப்பத்திமூணு வருஷமாத் தின்னாச்சு. இனிமே என்னைக் கழுவியா எடுக்க முடியும்?”

கறி இல்லாமல் குழந்தையை வளர்க்க முடியாது என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வளர்க்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வளர்க்க முடியாது. கறி போடுகிற வீட்டில் பாதி வேலையைக் கறி செய்துவிடும். போடாத வீட்டில் அந்தப் பாதியையும் தாய்தான் செய்ய வேண்டும். அவள் என்ன கொடுக்கிறாள் என்று கேட்டேன். காலையில் தண்ணீராகக் கரைத்த ஓட்ஸ். மதியம் வேகவைத்த காய், கீரை, வெள்ளரி. ஒரு பெரிய கிண்ணம் நிறைய. சாயங்காலம் பருப்பு வேகவைத்த தண்ணீர். வாரத்துக்கு இரண்டு முட்டை. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டாள். அளவெல்லாம் கிராம் கணக்கில் சொன்னாள். எண்ணெய் மட்டும் எங்கேயும் வரவில்லை.

“எண்ணெய்?”

“ஒரு சொட்டு கிடையாது. கொழுப்பு ஆகாதே சிஸ்டர்? நாள் பூரா அதைத்தானே நான் வெட்டி வாளியில போடறேன்.”

அங்கேதான் கோளாறு. ஆலையில் கொழுப்பு என்றால் கழிவு. ஒன்பது வருடம் அதைக் கழித்த கை, வீட்டிலும் கழித்துவிட்டது. ஒரு கிண்ணம் காய் தின்று பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும். உடம்புக்கு வந்து சேருவது ஒன்றுமில்லை.

“கையை மூடு,” என்றேன் பட்டாணியிடம். மூடியது. “இவ்வளவுதான் இவ வயிறு. இதுக்குள்ள தண்ணியும் தழையும் போட்டா வேற எதுக்கும் இடமிருக்காது. நீ மாட்டுக்குப் போடற அளவு போடற. கொஞ்சமாப் போடு, கெட்டியாப் போடு.”

எழுதிக்கொள்ளச் சொன்னேன். பருப்புத் தண்ணீர் வேண்டாம், பருப்பையே மசித்துக் கொடு. ஒவ்வொரு வேளையும் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்று. வேர்க்கடலையை வறுத்து விழுதாக அரைத்து ரொட்டியில் தடவு. முழுக் கடலை கையில் கொடுக்காதே, மூச்சுக்குழாயில் போய் மாட்டும். கொண்டைக்கடலை, சோயா, உருளைக்கிழங்கு, வாழைப்பழம். கீரையோடு எலுமிச்சை பிழி, அப்போதுதான் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். டீ வாசனைகூடக் காட்டாதே. வாரத்துக்கு ரெண்டு முட்டையை நாலாக்கு. பி பன்னிரண்டு சத்துக்குச் சொட்டு மருந்து தருகிறேன். செடியில் அது கிடையாது, கறி இல்லாத பிள்ளைக்கு அதை மறந்தால் நரம்பு கெடும்.

“நாலு முட்டை சரி. முட்டையை நான் வெட்டறதில்ல,” என்றாள்.

இன்னொன்றும் தெரியவந்தது. அவள் தினமும் காலையில் குழந்தையைத் துணிப்பையில் உட்காரவைத்து, காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு அது ஊஞ்சல். தாய்க்கு அது தினசரித் தூக்குமேடை. ஐம்பது கிராம் இறங்கினால் அன்றைக்கு முழுக்க அவளும் சாப்பிட மாட்டாள்.

“அந்தக் கொக்கியைக் கொண்டாந்து என்கிட்ட குடு. மாசத்துக்கு ஒரு தடவைதான் எடை, அதுவும் நான்தான் பாப்பேன்.”

“சரி. கை இருக்கே, கையை என்ன செய்யறது?”

“பெத்தவ கையை நம்பாதே.”

மறுநாள் கொக்கியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் மாதம் இருநூற்றைம்பது கிராம் ஏறியது. குழந்தை எண்ணெய் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு தராசில் உட்கார்ந்து, முள் அசைவதைப் பார்த்துக் கைதட்டியது. தாயான தராசு சிரிக்கவில்லை. “வயசும் ஏறுதே சிஸ்டர், கோடும் மேலதானே போகும்,” என்றாள். உண்மைதான். கோடு சும்மா நிற்காது. நடக்கிற பிள்ளையை ஓடிப்போய்ப் பிடிக்கிற மாதிரி இருந்தது அது.

இரண்டாவது மாதம் அவளுக்கு முன்னாலேயே நாத்தனார் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மனு போட்டவர் தரப்பில் ஒருவர் எடை பார்க்கும்போது கூட இருக்கலாம் என்று கடிதத்தில் ஒரு வரி உண்டு. பெரிய உடம்பு, சின்னக் குரல். பட்டாணிக்குச் சிவப்புச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். செருப்பு சரியான அளவு. அதைப் பார்த்ததும் தராசின் முகம் சுருங்கியது. அளவு தெரிந்தவளுக்குத்தான் அளவு தெரிந்தவளைக் கண்டால் பயம்.

“வா வா. என்ன போட்டு வளக்கற? இன்னும் புல்லுக்கட்டுதானா?” என்றாள் நாத்தனார்.

“அண்ணி, நீங்க வேடிக்கை பாக்க வந்தீங்கன்னா பாத்துட்டுப் போங்க.”

“வேடிக்கையா? என் தம்பி ரத்தம்டி அது. பட்டாணின்னு பேர் வச்சே, பட்டாணி அளவுலயே நிறுத்திட்டியே.”

பெஞ்சில் இருந்த மற்ற தாய்மார்கள் சிரித்தார்கள். தராசுக்கு அது பழகியது. ஆலையில் இதைவிடக் கடுமையாகப் பேசுவார்கள். அந்த நேரம் ஒரு பெண் பேச்சை மாற்ற நினைத்து, “நீ கோழிக் கம்பெனிதானே? கடையில வாங்கும்போது கொழுகொழுன்னு இருக்கு, சட்டில போட்டா பாதியாச் சுருங்குதே, அது என்ன?” என்று கேட்டாள்.

தொழிலைப் பற்றிக் கேட்டால் தராசுக்குக் குரல் வந்துவிடும். “நிறுக்கறதுக்கு முன்னாடி பெரிய டிரம்முல போட்டு உருட்டுவாங்க. தண்ணி ஏத்தறதுக்கு. சும்மாத் தண்ணின்னா ஒழுகிடும். உப்புப் போட்டா இறுக்கிப் பிடிச்சுக்கும். நூறு கிலோ உள்ள போனா நூத்திப் பதினஞ்சு வெளிய வரும். உங்க சட்டில சுருங்கறது கோழி இல்லக்கா, எங்க குழாய்த் தண்ணி.”

வராந்தாவே சிரித்தது. நாத்தனார்தான் கடைசியாகச் சிரித்தாள்.

“அப்புறம் என்ன கவலை? உன் பிள்ளையையும் ஊற வையேன். கோடு தானா ஏறிடும்.”

இன்னும் பெரிதாகச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றைக்கு எடை ஒன்பது கிலோ தொள்ளாயிரம். கோட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நாத்தனார் அட்டையை இரண்டு முறை வாங்கிப் பார்த்தாள். போகும்போது சின்னக் குரலில், “அடுத்த மாசம் பாப்போம்,” என்றாள். குழந்தை புதுச் செருப்பைக் கழற்ற மறுத்து அதோடேயே வீட்டுக்குப் போனது.

மூன்றாவது எடைக்கு எட்டு நாள் இருக்கும்போது பட்டாணிக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தாய் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டுத் தையல்காரிதான் வந்து சொன்னாள்: “சிஸ்டர், அவ தூங்கறதே இல்ல. பிள்ளையைத் தூக்கறா, இறக்கறா, மறுபடியும் தூக்கறா. அந்தக் கொக்கியைக் கொஞ்சம் குடுத்து அனுப்புங்களேன்.”

“குடுக்க மாட்டேன். காய்ச்சல் விட்டதும் பிள்ளை ரெண்டு மடங்கு சாப்பிடும்னு சொல்லு,” என்று அனுப்பிவிட்டேன். சொன்னது சரிதான். ஐந்தாம் நாளிலிருந்து பட்டாணி ஓயாமல் சாப்பிட்டது என்று பிறகு தெரிந்தது. கொக்கியைக் கொடுத்திருந்தால் அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது எடை நாளான அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். நாத்தனாரும் புருஷனும் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். குழந்தையின் முகம் சிவந்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. “தண்ணி, தண்ணி,” என்று தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

“இப்பதானே ரெண்டு டம்ளர் குடிச்சே. எடை பாத்துட்டுத் தர்றேன்டா கண்ணு,” என்றாள்.

தராசில் வைத்தேன். பத்து கிலோ அறுநூறு. கோட்டுக்கு ஐந்நூறு கிராம் மேலே.

தராசு கண்ணை மூடிக்கொண்டாள். நான் அட்டையில் புள்ளி வைக்கக் குனிந்தேன், வைக்கவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை ஒரு மாதத்தில் எழுநூறு கிராம் ஏறாது. கொக்கியும் வேண்டாம், கையும் வேண்டாம், அது சும்மா கணக்கு. நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தபோது அது தராசு மேலேயே வாந்தி எடுத்தது. அப்புறம் தலையைச் சாய்த்தது. அப்புறம் இடது கை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரி எதிர்ச் சாரியில்தான். பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, வலிப்பு அடங்கும்வரை நேரம் பார்த்து, தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தேன். பின்னாலேயே மூவரும் வந்தார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டார்: “என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கல. எலுமிச்சை ஜூஸ்தான்,” என்றாள் தாய்.

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

புருஷன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். “சொல்லுடி! என்னத்தக் குடுத்த?” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கால்மணி நேரம் அப்படியே போனது. வாந்தி வந்து, வலிப்பும் வந்திருக்கிறது. மூளைக்காய்ச்சலா, விஷமா என்று தெரியாமல் டாக்டர்கள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அவளை மருந்து அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். திட்டவில்லை. திட்டினால் வாய் திறக்காது என்று தெரியும். அவள் தொழில் பாஷையிலேயே கேட்டேன்.

“எவ்வளவு உப்பு போட்டே?”

“ஆறு கிராம்,” என்றாள் உடனே. “ரெண்டு டம்ளருக்கு ஆறு. சர்க்கரை முப்பது. டிரம்முல போடற விகிதத்தைவிடக் கம்மிதான் சிஸ்டர். பாதிதான்.”

“அதை எப்படிக் குடிச்சா?”

அதை மட்டும் சாத்தின கதவைப் பார்த்துச் சொன்னாள். “காலையில எந்திரிச்சதுல இருந்து தண்ணி காட்டல.”

ஓடிப்போய் டாக்டரிடம் ஆறு கிராம் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர்கள் தேடவில்லை. ரத்தத்தில் உப்பு ஏறியிருந்தால் அதை அவசரமாக இறக்கக் கூடாது, மூளை வீங்கிவிடும். மணிக்கணக்காக, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். எவ்வளவு உள்ளே போனது என்று கிராம் சுத்தமாகத் தெரிந்ததால் டாக்டருக்கு வேலை எளிதானது. இரண்டாம் நாள் பட்டாணி கண் திறந்து செருப்பைக் கேட்டது. கை கால் பேச்சு எல்லாம் சரியாக இருந்தது. வேறு பிள்ளைகளுக்கு இவ்வளவு லேசாகப் போயிருக்காது.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரித் தராசில் நிறுத்தார்கள். ஒரு வாரம் ட்ரிப்ஸிலும் ரொட்டித் துண்டிலும் கிடந்த பிள்ளை, பத்து கிலோ நூற்று நாற்பது. கோட்டுக்கு நாற்பது கிராம் மேலே. அந்த வியாழக்கிழமை காலையில் வெறும் பிள்ளையாகக் கொண்டுவந்திருந்தாலே போதும். அதைத் தாயிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்க நேரமில்லை. நர்ஸ் சத்தமாகப் படித்துவிட்டாள். தராசு அந்த எண்ணைக் கேட்டுவிட்டு, பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை தூக்கி இறக்கினாள்.

“கை சொல்லுச்சு சிஸ்டர்,” என்றாள். “பத்து இருநூறுன்னு கை சொல்லுச்சு. பெத்தவ கையை நம்பாதேன்னீங்க.”

நான் சொன்னதுதான். மறுப்பதற்கில்லை.

அறிக்கை எழுதுவது என் வேலை. எழுதுவதற்கு முதல் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆலைச் சீருடையோடு, பூட்ஸ் நனைந்தபடி.

“உப்பை எழுதாதீங்க. ஜூஸ் ஒத்துக்கலைன்னு எழுதுங்க. உங்க காலைப் பிடிக்கறேன்.”

“காலைப் பிடிக்க வேண்டாம். டாக்டர் சீட்டுல ஏற்கெனவே இருக்கு. நான் எழுதலன்னா நான் பொய் சொன்னவளாவேன், உப்பு உப்பாவே இருக்கும்.”

“நீங்களும் அன்னைக்குச் சிரிச்சீங்க.”

“சிரிச்சேன். ஆனா நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்: கோழி செத்தப்புறம்தான் ஊற வைப்பாங்க.”

சொன்ன பிறகு, இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தெரிந்தது. வார்த்தை போனது போனதுதான். அவள் திரும்பி நடந்தாள். உப்பு, அளவு, நேரம், காரணம் எல்லாம் எழுதினேன். கூடவே, உணவுமுறையால் குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை, மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருக்கிறது, அதே உணவைத் தொடரலாம் என்றும் எழுதினேன். அந்தக் கடைசி வரி அவளுக்கு உதவும் என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கெட்டவள் இல்லை. மேசையில் படிவம், ஒரு பக்கம் புருஷனும் நாத்தனாரும், மறுபக்கம் தராசும் நானும். பட்டாணி நாத்தனார் மடியில். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை நேராக நாத்தனார் வீட்டுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள்.

“அறிக்கையைப் படிச்சேன்,” என்றாள் அதிகாரி. “படிவத்துல காரணம்னு மூணு கட்டம்தான் இருக்கு. குழந்தையைக் கைவிட்டது. துன்புறுத்தினது. தகுந்த உணவு குடுக்காதது. ரெண்டாவதுல டிக் போட்டா தானாவே போலீசுக்குப் போயிடும். அப்புறம் நீங்க குழந்தையைப் பாக்கறதையே மறந்துட வேண்டியதுதான். மூணாவதுல போடறேன். வாரம் ரெண்டு மணி நேரம் பாக்கலாம். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி கேக்கலாம்.”

“சாப்பாடு தப்பில்லையே மேடம்,” என்றாள் தராசு. “நான் பண்ணினது உப்பு. அதை எழுதுங்க. சாப்பாடு நல்லாத்தான் போட்டேன். சிஸ்டரைக் கேளுங்க.”

“நான் தப்புன்னு சொல்லலம்மா. கட்டம் அப்படி.”

“உணவு சரியாத்தான் இருந்தது. அட்டையைப் பாருங்க,” என்றேன் நான். “ஒவ்வொரு மாசமும் ஏறியிருக்கு.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். “சரி சிஸ்டர். அப்ப ரெண்டாவதுல போட்டுடவா?”

அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தட்டச்சு செய்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார்கள். மகளுக்குப் பெரும்பாலும் காய்கறியும் பருப்புமே கொடுத்து வளர்த்ததால் அவள் உடல்நலம் கெட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்திக்கும் நேரத்தில் எந்த உணவும் கொடுக்க மாட்டேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். புருஷன் சுவரைப் பார்த்தான்.

“படிச்சு என்னத்தக் கண்டே? போடு,” என்றாள் நாத்தனார். “இதை மூணு மாசத்துக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டிருந்தா பிள்ளை ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்குமா?”

“அண்ணி, சொட்டு மருந்து காலையில நாலு. மறக்கக் கூடாது.”

“கறி திங்கற பிள்ளைக்கு மருந்து எதுக்கு?”

“கடலையை அரைச்சுக் குடுங்க. முழுசாக் குடுத்துடாதீங்க. கறி முதல்ல குடுத்தீங்கன்னா கொஞ்சமா…”

“நீ சொல்லித்தான் நான் பிள்ளை வளக்கணுமா? முதல்ல கையெழுத்தப் போடு.”

போட்டாள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். பட்டாணி அத்தை கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே தோளில் சாய்ந்து கிளம்பியது. கதவருகே போகும்போது பிஸ்கட்டின் ஒரு துண்டு கீழே விழுந்தது; அதற்காகத்தான் அழுதது.

சந்திப்புக்கு இடம் எங்கள் எடை அறை. சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை. கூட இருந்து பார்க்க வேண்டியவள் நான்.

முதல் சனிக்கிழமை தராசு தலைசீவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு இரண்டரைக்கே வந்துவிட்டாள். நாத்தனார் குழந்தையை வாசலில் இறக்கிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது அவள் கேட்டு வாங்கிய நிபந்தனை. பட்டாணி ஓடிவந்து தாயின் மேல் ஏறியது. இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தது. அப்புறம் இறங்கி, நாற்காலியில் தொங்கிய அவள் பையைப் பிரித்தது. சாவியை எடுத்தது. பஸ் சீட்டை எடுத்தது. சீப்பு. கைக்குட்டை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறியது.

“ரொட்டி எங்கம்மா?”

“இல்லடா.”

“வாழைப்பழம்?”

“இல்ல.”

“பசிக்குதும்மா. அத்தை கறி வச்சாங்க, எனக்கு வேண்டாம்.”

தராசு என்னைப் பார்த்தாள். என் மேசை இழுப்பறையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. எனக்கு மதியத்துக்கென்று கொண்டுவந்து தின்னாமல் வைத்தது. வராந்தாவில் நாத்தனார் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மீறினாலும் சந்திப்பு ரத்து என்று தாளில் இருந்தது. நான் தலையசைத்து வேண்டாம் என்றேன்.

“அம்மாகிட்ட ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல.”

பட்டாணி காலிப் பையைக் கீழே போட்டது. அப்புறம் தாயின் கன்னத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தது. “நீ போ. நீ கெட்ட அம்மா.” வராந்தாவுக்கு ஓடியது. நாத்தனார் அதைத் தடுத்து, திருப்பி அறைக்குள்ளேயே விட்டாள். “போ போ, நேரம் முடியல,” என்றாள் சின்னக் குரலில்.

குழந்தை சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. தாய் நாற்காலியை விட்டு எழவில்லை. மணி மூன்று பத்து.